முன்றிலில் அசையாதிருந்தவள்



இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் மேடையில் பறவைகளை ஒளிப்படம் எடுக்கும் கலையைப் பற்றிய உரை எதற்கு என்று கேட்கத் தோன்றலாம். காரணம் ஒரு புறநானூற்றுப் பாட்டு. வீரை வெளியனார் பாடிய 320ஆம் பாட்டு அது. அதனைச் சென்று சேரும் வழி சற்றுச் சுற்றுவழி. வடபுலத்துப் பனிநிலங்களையும் பேகனின் மலைநாட்டையும் தொட்டுவிட்டே சேரப்பணஞ்சேரி ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவின் வடபகுதியில் கருங்குரௌஸ் என்றொரு காட்டுப்பறவை உண்டு. நம் நாட்டில் குரௌஸ் இனம் இல்லை. ஆயினும் கோழி, கௌதாரி, காடை, மயில் ஆகியவை சேர்ந்த குடும்பத்திலேயே இன்றைய பறவையியல் அதனையும் வைக்கிறது; ஆகவே மயிலுக்கு அது தூரத்து உறவு. பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில், விடியலுக்கு முன்பே, ஆண் பறவைகள் திறந்த வெளி ஒன்றில் கூடுகின்றன. யாழ்வடிவில் வளைந்த கரிய வாலை விரித்து, அதன் அடியிலுள்ள வெண்ணிற இறகுகளைச் சிலிர்த்து, கண்ணுக்கு மேலுள்ள செந்நிறத் தசை புடைக்க, நீர் கொதிப்பது போன்ற ஒலி எழுப்பிக்கொண்டு ஒன்றையொன்று எதிர்கொள்கின்றன. பழுப்புநிறப் பேடைகள் ஓரிரு வாரங்களில் சில காலைப் பொழுதுகள் மட்டுமே வருகின்றன. களத்தின் நடுவிடத்தைப் பிடித்த சில ஆண்களையே பெரும்பாலும் தேர்கின்றன. மற்றவை ஆடியதோடு சரி. இத்தகைய இடத்தை ஆங்கில அறிவியலார் லெக் என்கின்றனர். ஸ்வீடிய மொழியில் விளையாட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ஆடுகளம் என்ற சொல்லே போதும். ஆடலும் போரும் ஒருங்கே நிகழும் இடம் என்ற பொருள் அதனுள் முன்பே இருக்கிறது.

இக்காட்சியைப் படமெடுப்பவர்க்கு ஓர் ஒழுங்கு உண்டு. முந்தின நாளே நிறுத்தி வைத்த சிறு கூடாரத்துக்குள் இருள் பிரியுமுன் சென்று அமர்ந்துவிட வேண்டும். பறவைகள் வந்தபின் நுழைதல் கூடாது. கடைசிப் பறவை களத்தைவிட்டுப் போகும்வரை வெளியே வருதலும் கூடாது. கால் மரத்துப்போனாலும், விரல் விறைத்தாலும், படச்சுருள் தீர்ந்தாலும் இருந்தே ஆக வேண்டும். ஒருமுறை கலைந்தால் அன்றைய காலை பறவைகளுக்கு வீண். பேடை வரும் நாள்களோ ஆண்டுக்குச் சிலவே. எனவே அவ்வொரு காலை சிறிய இழப்பன்று. நல்ல லென்ஸைக் காசு கொடுத்து வாங்கலாம். இந்த இருப்பைப் பழகித்தான் பெற வேண்டும்.

மறைந்திருந்து பறவையைப் படமெடுக்கும் முறையைப் பரப்பியவர்களுள் முன்னோடிகள் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் உடன்பிறந்தார். முட்டையோடு கூடிய பறவைக் கூட்டை 1892இல் படமெடுத்தவர்கள் இவர்கள். பின்னர் எருதின் தோலால் உள்ளீடற்ற பொய் எருது ஒன்றைச் செய்து அதனுள் புகுந்து நின்றும் படமெடுத்தனர். மேயும் எருதைக் கண்டு எந்தப் பறவையும் அஞ்சாது என்பது அவர்கள் கணக்கு. கேட்பவர் நகைக்கலாம். ஆனால் தொண்டை நாட்டு வேட்டுவர் இவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியவர்கள்.

காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வாழிடம் விரிவாக வருகிறது. அங்கே ஒரு வீட்டு முற்றத்தில், விளாமரத்தடியில், மான் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அது வளர்ப்பு மானன்று. காட்டு மானை அருகே வரவழைப்பதற்காகப் பழக்கி வைத்த மான். அதற்குப் புலவர் வழங்கும் பெயர் பார்வை. காண்டலைக் குறிக்கும் அதே சொல், அகப்படுத்தும் விலங்கையும் குறித்தது. இருளில் மறைந்து, மயங்கச் செய்து, அகப்படுத்துவது வேட்டுவன் தொழில். ஒளிப்படக் கலைஞனின் சொற்களும் இதற்கு அயலல்ல. குறிவைத்தான், பிடித்தான், சுட்டான் என்றே படத்தைப் பற்றியும் பேசுகிறோம். இன்று சேரப்பணஞ்சேரியும் ஒரகடமும் திருப்பெரும்புதூரும் அமைந்த நிலம் அப்பாட்டின் நாட்டுக்குள் அடங்கியதே.

இனி மயிலுக்கு வரலாம். குரௌஸுக்குப் பனி உருகும் இளவேனில் எப்படியோ, தென்னிந்திய மயிலுக்குச் சித்திரை, வைகாசி அப்படி. இனப்பெருக்கத்தின் உச்சம் தெற்கே ஏப்ரல், மே மாதங்கள் என்றும், வடக்கே ஜூனையொட்டிய மழைத்தொடக்கம் என்றும் பறவை நூல்கள் குறிக்கின்றன. ஆவணி, புரட்டாசியில் தோகை உதிர்கிறது; தை, மாசிக்குள் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. மேகம் கண்டு ஆடும் மயிலை இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பாடிவரும் கவிஞர்களுக்கு இது சிறு சங்கடம்தான். ஐப்பசி அடைமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தோகை விரித்த மயிலைத் தேடும் கவிஞர் ஏமாறவே நேரும். மேற்குமலைச் சாரலின் ஆனி மழையை நினைவிற்கொண்டால் பழம்பாடல்களின் கூற்றுப் பொருந்தும். பாட்டை நிலத்தோடு வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு சான்று.

தோகையின் அமைப்பும் கருதத்தக்கது. வால் என்று நாம் சொல்வது வாலன்று. வாலின் மேல் படிந்து வளர்ந்த நீண்ட மூடிறகுகள் அவை. ஏறத்தாழ இருநூறு வரை இருக்கும். உண்மையான வால் குட்டையானது. பின்னே முட்டுக்கொடுத்துத் தோகையை நிமிர்த்தி நிறுத்துகிறது. ஆடலின் உச்சத்தில் அவ்வால் விரைந்து அதிர, தோகை முழுவதும் நடுங்குகிறது. ரோஸ்லின் டேக்கினும் அவருடன் ஆய்ந்தோரும் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்நடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ 25 முறை. வியப்பு என்னவெனில், இத்தனை நடுக்கத்திலும் தோகையின் கண்கள் ஏறக்குறைய அசையாமல் நிற்கின்றன. கண் அமைந்த பகுதியின் இழைகள் நுண்கொக்கிகளால் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம். சுற்றிலும் உள்ள தளர்ந்த இழைகள் அலைபாய, கண்கள் மட்டும் நிலைத்து மிதக்கின்றன.

இங்கேதான் படக்கருவி தடுமாறுகிறது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஷட்டர் திறந்தால் ஒவ்வோர் இழையும் கூர்மையாகப் பதியும். நாட்காட்டியில் அச்சிடத்தக்க படம் கிடைக்கும். ஆனால் நடுக்கம் போய்விடும். மயில் விசிறி விரித்த பொம்மையாகிவிடும். முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்து வைத்தால் இழைகள் கலங்கிப் புகைபோலத் தோன்ற, நடுவே கண்கள் தெளிந்து நிற்கும். போட்டிகளில் பரிசு பெறுவது பெரும்பாலும் முதல்வகைப் படமே. மயிலுக்கு உண்மையாக இருப்பது இரண்டாவது. கவிதையிலும் இந்த இரு வகை உண்டு என்பதை இந்த அவைக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அந்நடுக்கத்தைச் சங்கப் புலவர் கண்டிருந்தனர் என்பதற்கு வையாவிக் கோப்பெரும் பேகனின் வரலாறே சான்று. மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்று பள்ளிப்பிள்ளைகளும் அறிவர். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையும் இக்கொடையைப் பேசுகிறது. பரணரோ 145ஆம் புறப்பாட்டில், மயில் குளிரால் நடுங்குகிறது என்று இரங்கியே பேகன் தன் ஆடையைக் கொடுத்தான் எனக் காரணத்தையும் சொல்கிறார். அவர் ஆளும் வினை பனித்தல்; நடுங்குதல் என்று பொருள். ஆடிற்று என்றோ அகவிற்று என்றோ சொல்லவில்லை. பேகன் கண்டது பொய்க்காட்சியன்று. மயில் உண்மையிலேயே நடுங்கிற்று. காட்சி சரி, காரணம் தவறு. அருகில் ஒரு பேடை நின்றிருக்கக் கூடும் என்பது அவன் எண்ணத்தில் எழவில்லை. போர்வை மேலே விழுந்த மயில் அன்று ஆடலைத் தொடர்ந்திருக்குமா என்பதை எந்தப் புலவரும் பாடவில்லை!

இதனை வைத்துப் பேகனை எள்ளுதல் நோக்கமன்று. தகுதியும் பயனும் பாராமல் கொடுக்கும் பேதைமையைக் கொடைமடம் என்று பரணரே 142ஆம் பாட்டில் இவன்மேல் வைத்துப் பெருமையாகப் பாடியிருக்கிறார். ஆனால் போர்வைச் செய்தியைச் சொல்லும் 145ஆம் பாட்டு எதற்காகப் பாடப்பட்டது என்பது நினைக்கத்தக்கது. பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்த காலம் அது. பசியால் வரவில்லை, சுமக்கும் சுற்றமும் இல்லை, இன்றிரவே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே யாம் வேண்டும் பரிசில் என்று பரணர் கேட்கிறார். கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் இதே வேண்டுகோளோடு பாடினர். நான்கு பெரும்புலவர் பொன்னும் பொருளும் வேண்டாது ஒரு பெண்ணுக்காக ஓர் அரசன் வாயிலில் நின்ற நிகழ்ச்சி வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. ஆண்மயிலின் நடுக்கத்தைக் கண்டு உருகிய கண்ணுக்கு வீட்டிலிருந்த பெண் தென்படவில்லை. இரண்டையும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைத்தவர் பரணர். தற்செயலாக வைத்தார் என்று கொள்வதற்கில்லை.

மயிற்படங்களிலும் இவ்விடுபாடே நிகழ்கிறது. ஆயிரம் படம் பார்த்தால் அவற்றுள் பேடை இருப்பவை மிகச் சில. தோகை முழுதும் சட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக அவள் வெட்டப்படுகிறாள். ஆடல் யாருக்காக நிகழ்கிறதோ அவரே படத்தில் இல்லை. டார்வின் 1871இல் வெளியிட்ட நூலில், மயிலின் தோகை இவ்வாறு ஆனதற்குப் பேடையின் தேர்வே காரணம் என்று வாதிட்டபோது அக்காலத்து அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். பெண்பறவை தேர்ந்தெடுக்கும் அளவுக்கு நுண்ணுணர்வு உடையது என்பதை ஒப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. இங்கிலாந்தில் மேரியன் பெட்ரி 1991இல் வெளியிட்ட ஆய்வு, கண்கள் மிகுந்த தோகைக்கே பேடைகள் இசைந்தன என்றது. ஜப்பானில் ஏழாண்டு ஆய்ந்து 2008இல் வெளியிட்டவர்கள் அவ்வாறு காணவில்லை என்றனர். பேடைகளின் தலையில் கண்ணசைவைப் பதியும் சிறு கருவியைப் பொருத்திச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஆண் ஆடும் நேரத்தின் பெரும்பகுதியில் பேடை வேறெங்கோ பார்க்கிறது. பார்க்கும்போதும் தோகையின் கீழ்ப்பகுதியையே மிகுதியாக நோக்குகிறது. 2018இல் மற்றொரு செய்தி. பேடையின் உச்சிக்கொண்டை இறகுகள், ஆணின் தோகை நடுங்கும் அதே வீதத்தில் இயல்பாக அதிரத்தக்கவை. பாராமுகமாக நிற்கும்போதும் அவள் தலையிலுள்ள கொண்டை அவ்வாடலை உணரக்கூடும் என்பது ஆய்வாளர் கருத்து. முகம் திருப்பி நின்று அகத்தே அறியும் தலைவியை அகத்திணையில் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியலின் ஒரு குறிப்பு நினைவுக்கு வருகிறது. சிறகுடைய பறவை ஆணுக்கெல்லாம் சேவல் என்ற பெயர் உரியது. மயில் ஒன்றற்கு மட்டும் ஆகாது. தோகையின் பெண்மைச் சாயலே காரணம் என்று பேராசிரியர் உரை கூறுகிறது. பெண்பாற்குரிய அளகு என்னும் பெயரோ, கோழிக்கும் கூகைக்கும் உரியது போல மயிலுக்கும் உரியதாகிறது. பேடையைப் பெயரிட்டு அழைக்க இலக்கணம் மறக்கவில்லை; படக்கலைதான் மறந்தது.

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படக்கலையைப் பேசும்போது மா. கிருஷ்ணனை விட்டுவிட இயலாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கறுப்பு வெள்ளையையே விரும்பிப் படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட பளுவான கருவிக்கு வேடிக்கையாகச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950 முதல் இறக்கும்வரை இயற்கை பற்றிய பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். சங்கப்பாட்டும் சைத்ரிகமும் தாவரவியலும் ஒருவரிடம் சேர்ந்திருந்தன. அவர் படங்கள் கண்ணைப் பறிப்பன அல்ல. விலங்கு தன் இடத்தில், தன் புல்லோடும் நிழலோடும் இருக்கும். வண்ணம் இல்லாத மயில் ஒரு மயிலா என்று கேட்பவர், வண்ணத்தை நீக்கினால் எஞ்சுவது என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். அசைவும் நிலையும் எஞ்சும்.

இப்போது 320ஆம் பாட்டு. காட்டோரத்துக் குடில். முன்றிலில் முன்னையும் முசுண்டையும் படர்ந்து பந்தலிட்டது போன்ற நிழல். வேட்டுவன் அயர்ந்து உறங்குகிறான். அவன் பழக்கி வைத்த பார்வை மான் அங்கே நிற்கிறது. காட்டிலிருந்து ஒரு கலைமான் தனியே வந்து அதனைத் தழுவி விளையாடுகிறது. மனைவி காண்கிறாள். வேட்டைக்கு இதைவிட வாய்ப்பு வராது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவள் குரல் கொடுக்கவில்லை. தான் அசைந்தால் கணவன் விழித்துவிடுவான் என்று அஞ்சுகிறாள். கலை பிணையைவிட்டுப் பிரிந்துவிடும் என்றும் அஞ்சுகிறாள். ஆகவே வீட்டுக்குள் நடமாடாமல் நின்றுவிடுகிறாள். முன்றிலில் மான்தோலை விரித்துத் தினையைக் காயவைத்திருக்கிறாள். கானக்கோழியும் இதலும் வந்து அதைத் தின்கின்றன. இதல் என்பது காடை, கௌதாரி இனத்துச் சிறு பறவை. விரட்டினால் மான் கலையும். அவள் விரட்டவில்லை.

பாட்டின் இப்பகுதி துறையளவில் வல்லாண்முல்லைக்குப் பின்னணி மட்டுமே. பாணனை அவ்வீட்டில் தங்கிச் செல்லச் சொல்வதும், அவ்வூர்த் தலைவனின் கொடையைப் புகழ்வதுமே புலவரின் வெளிப்படையான வேலை. கொல்லாமையைப் பாடும் பாட்டும் இதுவன்று. அதே வீட்டில் சந்தன விறகின் தீயில் இறைச்சி மணக்கிறது. சுற்றத்தோடு இனிதாக உண்கிறார்கள். அவள் வேட்டுவன் மனைவி. நாளை அந்தக் கலை அம்புக்கு இலக்காகலாம். அந்தப் பொழுதில் மட்டும், அந்தப் புணர்ச்சி முடியும்வரை, அவள் அசையவில்லை. இவ்வளவு குறைவாகச் சொன்னதாலேயே நம்ப முடிகிறது.

ஆடுகளத்தின் ஓரத்தில் கூடாரத்துக்குள் மரத்த காலோடு அமர்ந்திருப்பவரின் ஒழுங்கு இதுவே. விஸ்கான்சின் புல்வெளியில் குரௌஸின் உறவான புல்வெளிக்கோழியைக் கணவரோடு பல்லாண்டு ஆய்ந்த பிரான்செஸ் ஹேமர்ஸ்ட்ராம் தாமும் வேட்டையாடுபவரே. விடியற்காலை மறைவிடங்களில் தொண்டர்களை அமர்த்தி ஆடலை எண்ணச் செய்தவர் அவர். வேட்டையும் காத்திருத்தலும் ஒரே கைக்குள் இருக்க முடியும் என்பதை வீரை வெளியனார் முன்பே அறிந்திருந்தார்.

ஆனால் ஒரு வேறுபாடு மறைக்கத்தக்கதன்று. அவள் அசையாதிருந்ததற்கு விலை கொடுத்தாள். தின்னப்பட்டது அவள் தினை. இன்று மயிலாடலைப் படமெடுப்பவர் விலை கொடுப்பதில்லை. மயில்கள் நாடெங்கும் பெருகியிருப்பதை இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020, 2023 அறிக்கைகள் காட்டுகின்றன. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மயிலுக்கு உயர்ந்த காப்பு அளிக்கிறது, அது வேண்டியதே. நிலக்கடலையும் நெல்லும் இழப்பவர் உழவர். மதுரைப் பகுதியில் 2018இல் நஞ்சு கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாக மடிந்த செய்தி வந்தபோது நெஞ்சு பதைத்தவர்களுள், அந்த மயில்கள் அதுவரை யாருடைய வயலில் மேய்ந்தன என்று கேட்டவர் சிலரே. நஞ்சு வைத்தது நியாயமாகாது. ஆனால் அசையாது நின்று தினையைப் பறிகொடுக்கும் பெருந்தன்மையை ஊருக்கு எடுத்துரைக்கும் உரிமை, தினை இல்லாதவர்க்கு எவ்வளவு உண்டு என்பதும் கேள்வியே.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் இக்கேள்வி இன்னும் நெருக்கமானது. வண்டலூர், வாலாஜாபாத் சாலையின் இருமருங்கும் வாகன ஆலைகள். அவற்றுக்கிடையே ஏரிகள், எஞ்சிய முட்புதர், ஆங்காங்கே பயிர். அருகே வல்லக்கோட்டையில் மயிலை ஊர்தியாகக் கொண்ட முருகன் கோயில். இரவுப்பணி முடிந்து ஆலைப் பேருந்துகள் திரும்பும் நேரமும், சித்திரையில் மயில் களத்துக்கு இறங்கும் நேரமும் ஒன்றே. அங்கே ஒரு நாள் யாரேனும் முக்காலியை ஊன்றி இருள் பிரியுமுன் அமர்வாராயின், சட்டத்துக்குள் பேடைக்கும் இடம் விடட்டும். தோகைக்கு அப்பால், வரப்பில், தன் கடலைக்கொல்லையைப் பார்த்தபடி ஒருத்தி நிற்கக் கூடும். அவளையும் வெட்டாதிருக்கட்டும்.

பாட்டில் வேட்டுவன் இன்னும் விழிக்கவில்லை. மான்தோலின் மேல் தினை குறைந்துகொண்டிருக்கிறது.